கப்பலின் செட்டை

வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மகளின் குடும்பத்தோடு கொழும்பிலிருந்து மாலைதீவுக்கு உல்லாசக் கப்பலில் போய்வந்த கையோடு எனக்கு ஒரு கேள்வி எழுதியனுப்பியிருந்தார். கரையே கண்ணில் படாத அந்த ஒரு நாளை மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில் புத்தகத்தோடு கழித்ததாகவும், பக்கத்து முக்காலியில் இருந்த தேநீர் ஒரு துளிகூடச் சிந்தவில்லை என்றும், ஆனால் பத்தடி தள்ளியிருந்த நீச்சல் தடாகத்தின் தண்ணீர் ஓயாமல் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது என்றும் எழுதியிருந்தார். "ஒரே கப்பல், ஒரே கடல். கோப்பைக்கு ஒரு நியாயம், தடாகத்துக்கு ஒரு நியாயமா?" என்பது அவருடைய கேள்வி.

காலிமுகத்திடலில் நின்று பார்ப்பவர்களுக்கு இத்தகைய கப்பல் ஒரு மாடிக்குடியிருப்பு மிதந்து வருவதுபோலத் தோன்றும். 290 மீற்றர் நீளமும் 32 மீற்றர் அகலமும் 45,000 தொன் எடையும் கொண்ட ஒரு கப்பலை எடுத்துக்கொள்வோம். அதன் உடலில் ஏறக்குறைய 8 மீற்றர் மட்டுமே நீருக்குள் இருக்கும். அப்படியிருந்தும் அது கவிழாததற்கு, எந்திரங்களும் எரிபொருளும் நன்னீரும் அடித்தட்டில் இருப்பது ஒரு காரணம். கப்பல் ஒரு பக்கம் சரியும்போது நீரின் மேலுதைப்பும் அந்தப் பக்கமாக நகர்ந்து அதை நிமிர்த்துவது மற்றக் காரணம். மேலுதைப்பின் கோடு கப்பலின் நடுக்கோட்டைச் சந்திக்கும் புள்ளி, புவியீர்ப்பு மையத்துக்கு மேலே இருக்கும்வரை கப்பல் நிமிரும் என்று பியர் பூகர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1746 இல் எழுதிவைத்தார். சாதாரண தரத்தில் ஆர்க்கிமிடிசைப் படித்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

நம் கப்பலில் அவ்விரு புள்ளிகளுக்கும் இடையில் 2 மீற்றர் தூரம் இருப்பதாகக் கொள்வோம். அதை 8 மீற்றராக்கினால் கப்பல் இன்னும் உறுதியாக நிற்குமே என்று தோன்றலாம். நிற்கும், ஆனால் பயணிகள் நிற்க முடியாது. 2 மீற்றர் இடைவெளியில் இடமும் வலமுமாக ஒருமுறை ஆடி முடிக்க அதற்கு ஏறக்குறைய 18 செக்கன்கள் ஆகும்; 8 மீற்றரில் அதே ஆட்டம் 9 செக்கன்களில் முடிந்துவிடும், ஒவ்வொரு சரிவிலும் ஆட்களைத் தூக்கிவீசுவதுபோல வெடுக்கென்று நிமிரும். எனவே உல்லாசக் கப்பலை வடிவமைப்பவர்கள் நிமிர்த்தும் வலுவை வேண்டுமென்றே அளவாக வைத்து, மெதுவாக ஆடும் கப்பலைக் கட்டுகிறார்கள்.

அந்த மெதுவான ஆட்டத்திலும் ஓர் ஆபத்து இருக்கிறது. தென் சமுத்திரத்துப் புயல்களில் பிறந்து நம் தென்மேற்குக் கரைவரை வந்துசேரும் நெடிய அலைகள், பெரும்பாலும் 12 முதல் 16 செக்கன்களுக்கு ஒருமுறை வருகின்றன. கப்பலின் திசையும் வேகமும் அலையோடு ஒத்துப்போகும் வேளையில் அந்த இடைவெளி கப்பலின் சொந்த ஆட்டக் காலத்தை நெருங்கிவிடலாம். ஊஞ்சலில் இருக்கும் பிள்ளையை ஒவ்வொரு முறையும் சரியான கணத்தில் தள்ளிவிடுவதைப்போல, சிறிய அலைகூடக் கப்பலைப் பெரிதாக ஆட்டிவிடும். பாடநூல்கள் இதைப் பரிவு என்கின்றன.

இதற்கான மருந்துதான் என்னைப் பல ஆண்டுகளாக வியப்பில் ஆழ்த்திவருவது. எங்கள் பேச்சுத் தமிழில் மீனின் துடுப்புக்கும் செட்டை என்போம், கோழியின் சிறகுக்கும் செட்டை என்போம். கப்பலின் வயிற்றுப் புறத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. இருக்கும் இடத்தால் அது மீன் செட்டை. தொழிலால் அது பறவையின் செட்டை. சந்தையில் மீன் வெட்டுபவர் சூரையின் பக்கச் செட்டையைக் கத்தி நுனியால் நிமிர்த்திவிட்டால், விட்டதும் அது உடலில் தனக்கென இருக்கும் பள்ளத்தில் போய்ப் படிந்துகொள்ளும். கப்பலின் செட்டையும் துறைமுகத்துக்குள் நுழையுமுன் அப்படியே மடங்கித் தன் குழிக்குள் ஒதுங்கிவிடுகிறது.

கடலில் அதை விரித்ததும், கைரோ என்னும் சுழலும் உணரி, கப்பல் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகச் சரியத் தொடங்குகிறது என்பதைக் கணத்துக்குக் கணம் அறிவிக்கிறது. இடப்பக்கம் இறங்கத் தொடங்கினால் இடச் செட்டையின் முன்விளிம்பு மேல்நோக்கித் திரும்பும், வலச் செட்டையினுடையது கீழ்நோக்கித் திரும்பும். விரைந்து வரும் நீர் ஒன்றை உயர்த்தும், மற்றதை அமுக்கும். ஒரு செட்டையின் பரப்பு 15 சதுர மீற்றர், கப்பலின் வேகம் மணிக்கு 18 கடல்மைல் என்று கணக்கிட்டால், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 65 தொன் விசை பிறக்கிறது. விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், பாதி வேகத்தில் அது 16 தொன்னாகக் குறைந்துவிடும். நின்ற கப்பலுக்கு இந்தச் செட்டையால் பயனில்லை என்பதும் இதனால்தான்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அலையே இல்லாத அமைதியான கடலில் அதே வேகத்தில் போகும்போது, இரு செட்டைகளும் தம் முழு விசையையும் விடாமல் செலுத்திக்கொண்டேயிருந்தால், அந்தக் கப்பலை எவ்வளவு சரிக்க முடியும்? வெறும் ஒன்றரைப் பாகை. இவ்வளவு சிறிய வலு, கப்பலைப் பல பாகை ஆட்டவல்ல கடலை எப்படி அடக்குகிறது? அலையும் ஒரே அடியில் கப்பலைச் சரிப்பதில்லை. தள்ளுமேல் தள்ளாகத்தான் ஆட்டத்தை வளர்க்கிறது. செட்டை ஒவ்வொரு தள்ளுக்கும் அதே கணத்தில் எதிர்த்தள்ளுக் கொடுத்து, ஆட்டம் வளருமுன்பே அதன் சக்தியை நீருக்குள் கரைத்துவிடுகிறது. கப்பலின் நிமிர்த்தும் வலுவை அளவாக வைத்ததும் இங்கே உதவிக்கு வருகிறது. அது முரட்டு வலுவாக இருந்திருந்தால் இந்தச் சிறு செட்டைக்கு அடங்கியிராது. 1932 இல் கடலுக்கு வந்த கொன்தே தி சவோயா என்ற இத்தாலியக் கப்பல், இதே வேலைக்காக ஒவ்வொன்றும் நூறு தொன்னளவு எடையுள்ள மூன்று இராட்சதச் சுழலிகளைச் சுமந்து சென்றது. 1936 இல் ஐல் ஒவ் சார்க் என்ற சிறிய பிரித்தானியக் கப்பலில் பொருத்தப்பட்ட செட்டைகளின் வழியே நிலைத்தது.

கப்பல் ஆடுவது ஏன் என்பதை 1861 இல் கணிதமாக எழுதியவர் வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். மெழுகில் வார்த்த மாதிரிக் கப்பல்களைத் தொட்டியில் இழுத்துப் பார்க்க அவர் கேட்ட 2,000 பவுணைப் பிரித்தானியக் கடற்படை கொடுத்தது. அந்தத் தொட்டியின் வழிவந்த சோதனைத் தொட்டிகளில்தான் இன்றும் கப்பல்கள் பிறக்குமுன் மிதக்கின்றன. நாற்புறமும் கடல் சூழ்ந்த நம் நாட்டில், இத்தகைய அடிப்படை ஆய்வுக்குக் கேட்கப்படும் பணத்தை வீண்செலவு என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டதால்தான் கடல் அமைதியாக இருந்தது என்று உடன்வந்தவர்கள் சொன்னதாகவும் ஆசிரியை எழுதியிருந்தார். கடல் அமைதியாக இருக்கவில்லை, அம்மா. உங்கள் நாற்காலிக்குப் பல மாடிகள் கீழே இரண்டு செட்டைகள் நாள் முழுவதும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தன.

ஆனால் அவற்றால் முடியாத காரியம் ஒன்று உண்டு. முன்முனை எழ, பின்முனை தாழ, கப்பல் நீளவாக்கில் ஆடுவதை அவற்றால் தடுக்க முடியாது. அந்தத் திசையில் கப்பலின் நிமிர்த்தும் வலு, பக்கவாட்டில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் அதிகம். 65 தொன் அங்கே கொசுக்கடிக்குச் சமம். ஆசிரியை பயணம் செய்த அன்றும் அந்த ஆட்டம் சிறிதாக எஞ்சியிருந்தது. 14 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் ஆழமும் கொண்ட தடாகத்தில் தண்ணீர் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 8 செக்கன்கள் எடுக்கும். இத்தகைய கப்பல் முன்பின்னாக ஆடும் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஊஞ்சல் கதை தடாகத்துக்குள் மீண்டும் நடந்தது. 8 சென்ரிமீற்றர் அகலக் கோப்பையில் தேநீர் தளும்பும் காலமோ 0.3 செக்கன். அவ்வளவு விரைவாகக் கப்பலில் எதுவும் ஆடவில்லை. ஆகவே தேநீர், கப்பல் மெல்லச் சாயும்போது கோப்பைக்குள் தானும் மெல்ல இடம் மாறி, மட்டம் குலையாமல் இருந்தது. நடக்கும்போது நம் கையிலுள்ள கோப்பை தளும்புவது, நம் காலடி அந்த 0.3 செக்கனுக்குக் கப்பலைவிட வெகு அருகில் இருப்பதால்தான்.