டச் ஸ்கிரீன் இருக்கட்டும், முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்

ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய கம்ப்யூட்டர்களை ஓர் அறையில் அடுக்கி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். "காலத்துக்கு ஏத்த மாதிரி மாத்தணும் சார், டச் ஸ்கிரீன் வைக்கலாமா?" என்று கூப்பிட்டார்கள். போனதும் நான் கேட்டது ஒரு ஸ்க்ரூடிரைவர்.

386 என்ற பழைய ரகக் கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திறந்தால் மதர்போர்டின் ஓரத்தில் நீல நிற உருளை பேட்டரி. அதைச் சுற்றிச் செம்பில் பச்சைக் களிம்பு. நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்தால் போர்டின் செம்புக் கோடுகளை அரித்துத் தின்றுவிடும். மெஷினை அணைத்தே வைத்திருந்தாலும் கசியும். இந்த போர்டு போயே போய்விட்டது. பக்கத்தில் இருந்த அடுத்த ரகம், 486, தப்பித்தது. பேட்டரியை எடுக்குமுன் ஹார்டு டிஸ்க்கின் அளவுக் கணக்கை, அதாவது சிலிண்டர், ஹெட் எண்ணிக்கையை, ஒரு சீட்டில் எழுதி உள்ளேயே ஒட்டிவையுங்கள். பேட்டரி போனால், மெஷினைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரல் இந்த அமைப்புகள் எல்லாவற்றையும் மறந்துவிடும். பழைய குண்டு மானிட்டரை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும்.

அப்புறம் பிளாஸ்டிக் உறை. தூசிக்குப் பயந்து மூடுகிறார்கள். நம் மலை மழையில், மூடுபனியில், அந்த உறைக்குள்தான் ஈரம் தேங்குகிறது. பருத்தித் துணி போதும்.

ஃபிளாப்பிகள்தான் எனக்குப் பெரிய கவலை. மூன்றரை அங்குல ஃபிளாப்பியின் தகரக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். கறுப்புத் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அப்படியே டிரைவில் போட்டால் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொண்டு அடுத்த ஃபிளாப்பியையும் கெடுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மெதுவாகத் துடைத்து, காயவிட்டு, 1.44 எம்பியையும் அப்படியே இமேஜாக, அதாவது ஒரே கோப்பில் முழு நகலாக, எடுத்தோம். உள்ளே பள்ளியின் பழைய ஆண்டுமலர். திறந்தால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் கிறுக்கல்! எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. டாம், டாப் என்று தமிழ்க் குறியீட்டுக்குத் தரம் வகுத்ததே 1999-இல்தான். அந்த எழுத்துரு இன்னொரு ஃபிளாப்பியில் கிடைத்தது, எங்கள் அதிர்ஷ்டம். கோப்போடு எழுத்துருவையும் சேர்த்தே நகலெடுங்கள்.

டச் ஸ்கிரீனும் வைத்தோம். அதில் பழைய டாஸ் நிரல்களை இன்றைய மெஷினில் ஓட்டிக்காட்டும் டாஸ்பாக்ஸ் ஓடுகிறது, 486 பக்கத்தில் ஓய்வெடுக்கிறது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் குண்டு மானிட்டரையே விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது ஹேங் ஆயிடுச்சு சார்" என்றான்.