கொசுவை அடித்தால் மாத்திரை பிழைக்குமா?

மலாவி நாட்டின் பிளாண்டயர் நகரில் மலேரியாக் காய்ச்சலோடு வந்த குழந்தைகளிடம் நடந்த மருந்துப் பரிசோதனை ஒன்றின் முடிவு 2006-ல் வெளியானது. குளோரோகுயின் கொடுத்த 80 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மருந்து கேட்கவில்லை. சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் கொடுத்த 87 பேரில் 71 பேருக்குக் கேட்கவில்லை. இதில் வேடிக்கை, குளோரோகுயின் இனி உதவாது என்று மலாவி 1993-லேயே அதைக் கைவிட்டு, அதன் இடத்தில் கொண்டுவந்த மாத்திரைதான் இரண்டாவது.

செத்த மருந்து எப்படிப் பிழைத்தது? குளோரோகுயினை வெளியே தள்ளும்படி மாறிய கிருமியின் புரதம், தன் வழக்கமான வேலையில் கொஞ்சம் சோடை போகிறது. ரத்தத்தில் மருந்து இருக்கும்வரை அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். மருந்து இல்லாவிட்டால் சாதாரணக் கிருமி அதை முந்திவிடும். ஆக, மருந்துக்கு மசியாத கிருமி பெருகுவதும் தேய்வதும், ஊரில் உள்ள கிருமிகளில் எத்தனை பங்கு மருந்தைச் சந்திக்கிறது என்பதைப் பொறுத்தது. கொசு ஒழிப்பு கை வைப்பதும் இந்தக் கணக்கில்தான்.

ஆப்பிரிக்காவில் மலேரியாவால் சாகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். கடி அதிகமுள்ள ஊரில் ஒரு குழந்தைக்கு ஆண்டில் பலமுறை காய்ச்சல் வரும், ஒவ்வொரு முறையும் மாத்திரை. சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும். முதல் சில நாள் எந்தக் கிருமியையும் விடாது. அப்புறம் அளவு இறங்கிக்கொண்டே வரும். அந்த இறங்குமுக நாட்களில் இன்னொரு கொசு கடித்தால், சாதாரணக் கிருமி செத்துப்போகும், அரைகுறை எதிர்ப்புள்ளது தப்பிப் பிழைக்கும். குழந்தையின் உடம்பே சல்லடையாகிவிடுகிறது. கொசுவலைக்குள் தூங்கும் குழந்தைக்கு அந்த இரண்டாவது கடி விழுவதற்கான வாய்ப்பு குறைவு; காய்ச்சலும் குறைவு, மாத்திரையும் குறைவு.

தான்சானியாவில் இந்த மாத்திரைக்குக் கடும் எதிர்ப்பு இருந்த ஒரு பகுதியில் பூச்சிக்கொல்லி தோய்த்த கொசுவலைகளைக் கொடுத்த பிறகு, மாற்றம் அடையாத பழைய மரபணு கொண்ட கிருமிகளின் பங்கு கூடியதாக 2003-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஜிம்பாப்வேயில் வீட்டுச் சுவர்களில் பூச்சிக்கொல்லி தெளித்த இடங்களில் மருந்து எதிர்ப்பு குறைவாக இருந்தது என்று 2004-ல் இன்னொன்று. கொசுவை அடித்தால் மாத்திரை பிழைக்கும் போலத்தான் தெரிகிறது.

ஆனால் கொசு வெறும் வாகனம் அல்ல. மலேரியாக் கிருமியின் இனச்சேர்க்கை நடப்பதே அதன் வயிற்றில்தான். கொசு உறிஞ்சிய ரத்தம் மனித உடம்பின் சூட்டை விட்டு ஆறத் தொடங்கியதும் ஆண் அணு விழித்துக்கொள்ளும். கால் மணி நேரத்துக்குள் அது எட்டு மெல்லிய இழைகளாகப் பிரிந்து, வாலை அடித்துக்கொண்டு பெண் அணுவைத் தேடிப் போகும். உறிஞ்சிய ரத்தத்தில் மூன்று நான்கு வகைக் கிருமிகள் கலந்திருந்தால் கலப்புப் பிள்ளைகள் பிறக்கும், மரபணுச் சீட்டு கலையும். சல்ஃபடாக்சினுக்கான எதிர்ப்பு 8-ஆம் குரோமோசோமிலும் பைரிமெத்தமினுக்கானது 4-ஆம் குரோமோசோமிலும் இருப்பதால், சேர்ந்திருந்த ஜோடி இந்தக் கலப்பில் பிரிந்துவிடக்கூடும். கொசு குறைந்த ஊரிலோ ஒரு குழந்தையின் உடம்பில் பெரும்பாலும் ஒரே வகைக் கிருமிதான் இருக்கும். அது தன்னோடு தானே சேரும். எதிர்ப்புக் கூட்டணி கலையாமல் அடுத்த குழந்தைக்குப் போகும். தென்கிழக்கு ஆசியாவில், மலேரியா குறைவாகப் பரவும் பகுதிகளிலேயே மருந்து எதிர்ப்பு திரும்பத் திரும்பத் தலைதூக்கியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது தடுப்பாற்றல். அடிக்கடி கடிபட்டு வளர்ந்த பத்து வயதுப் பையன் கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டே ஓடி விளையாடுவான். காய்ச்சல் இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை. மருந்துக்கு மசியும் கிருமிகளின் சேமிப்புக் கிடங்கு அவன்தான். சில ஆண்டுகள் கொசுவை அடக்கி வைத்தால் இந்தத் தடுப்பாற்றல் கரைந்துபோகும். பரவல் அடங்கியே இருக்கும்வரை கவலையில்லை. பாதியில் நிறுத்தினால்தான் வம்பு.

வடக்கு உகாண்டாவில் நடந்தது அதுதான். குலு உட்பட 10 மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு சுவரில் பூச்சிக்கொல்லி தெளித்தார்கள். ரத்தம் குடித்த அனோஃபிலிஸ் கொசு சுவரில் உட்கார்ந்து இளைப்பாறும்போதே மாட்டிக்கொள்ளும். கிருமி அதன் உடம்பில் முற்றப் பத்து நாளுக்கு மேல் ஆகும், அதுவரை அது உயிரோடு இருப்பதில்லை. நோய் நன்றாகவே இறங்கியது. 2014-ல் தெளிப்பை நிறுத்தினார்கள். காய்ச்சல் திரும்ப வந்தது, இந்த முறை தடுப்பாற்றல் தேய்ந்த உடம்புகளுக்கு. முன்பு சும்மா இருந்திருக்கக்கூடிய பிள்ளைகளும் படுத்தார்கள், மாத்திரை விழுங்கினார்கள். அப்போது ஆர்ட்டிமிசினினோடு இன்னொரு மலேரியா மருந்தையும் சேர்த்த கூட்டு மருந்துதான் எல்லோருக்கும். 2017 முதல் 2019 வரை அதே குலுவில் சேகரித்த ரத்த மாதிரிகளில், கெல்ச்-13 என்ற மரபணு மாறி, ஆர்ட்டிமிசினினுக்கு மெதுவாகவே அடங்கும் கிருமிகள் சிக்கின. 2021-ல் இந்த முடிவு வெளியானபோது மலேரியா ஆய்வாளர்களுக்குப் பெரிய அதிர்ச்சி.

தெளிப்பை நிறுத்தியதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. காலமும் இடமும் பொருந்துகின்றன, மேலே சொன்ன கணக்கும் பொருந்துகிறது, அவ்வளவுதான். உகாண்டாவின் தென்மேற்கு மூலையில், ருவாண்டா எல்லையை ஒட்டிய மேட்டுப் பகுதிகளில், வேறு கெல்ச்-13 மாற்றங்கள் பரவியிருக்கின்றன. அங்கே மலேரியா முன்பிருந்தே குறைவாகப் பரவுகிறது. பல குழந்தைகளுக்குத் தடுப்பாற்றல் வளரவே வாய்ப்பிருந்திருக்காது.