பேய் நடமாடிய வீடும் பழுதான உலையும்

ஒரே அறையில் உறங்கியவர்கள் காலையில் எழவில்லை, உடலில் காயமில்லை, கதவு உட்புறம் தாழிட்டிருந்தது என்றால், அந்த அறையைச் சுற்றி ஒரு பேய்க்கதை முளைக்க அதிக நாள் ஆவதில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவன் என்ற முறையில், இத்தகைய செய்தி வந்தால் நான் முதலில் கேட்பது, உள்ளே என்ன எரிந்துகொண்டிருந்தது என்பதைத்தான்.

அமெரிக்காவில் 1912இல் பழைய பெரிய வீடொன்றில் குடியேறிய குடும்பத்தின் அனுபவத்தை, வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர் 1921இல் மருத்துவ இதழொன்றில் பதிவு செய்தார். ஆளில்லாத இடங்களில் காலடி ஓசை கேட்டது. இனம்புரியாத உருவங்கள் தெரிந்தன. குழந்தைகள் வெளுத்துச் சோர்ந்தனர். பேய் நடமாடும் வீடு என்று அஞ்சியவர்கள், கடைசியில் வீட்டைச் சூடேற்றும் உலையைச் சோதித்தபோது, புகைபோக்கி வழியே வெளியேற வேண்டிய வாயு வீட்டுக்குள்ளேயே பரவிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. கார்பன் மோனாக்சைடு என்ற அந்த நச்சு வாயு ஏறிய இரத்தம் மூளைக்குப் போதிய ஆக்ஸிஜனைக் கொண்டுசெல்லாதபோது, குழப்பமும் மாயத்தோற்றமும் ஏற்படக்கூடும்.

நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன், இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இணைகிறது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்கு அஞ்சிக் கதவு, சன்னல்களை அடைத்து, கரி அடுப்பை அறைக்குள் வைத்து உறங்குவோர் இருக்கிறார்கள். புகை அடங்கித் தணல் மட்டும் கனன்றால் ஆபத்து நீங்கிவிட்டதென்று எண்ணுவதுதான் பெரிய ஏமாற்றம். புகையற்ற கரித்தணலும் இந்த வாயுவைத் தொடர்ந்து வெளியிடுகிறது. காற்றோட்டமில்லாத குளியலறையில் பொருத்திய எரிவாயு வெந்நீர்க் கருவியும் இதே வேலையைச் செய்யும்.

வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே வேளையில் தலைவலி, குமட்டல், மயக்கம் தோன்றி, வெளியே சென்றதும் தணியுமானால், மந்திரிப்பவரைத் தேடுமுன் அடுப்பை அணைத்துவிட்டு அனைவரும் வெளியேற வேண்டும். மருத்துவமனையில், எரியும் பொருள் இருந்த மூடிய அறையில் உறங்கியதைத் தவறாமல் சொல்லுங்கள். ஏனெனில், விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டர் இந்த நச்சேற்றத்தைப் பிரித்தறியாமல் இயல்பான அளவையே காட்டக்கூடும், இரத்தத்தைத் தனியாகச் சோதித்தால்தான் உண்மை தெரியும். தேறி வீடு திரும்பியவருக்குச் சில வாரங்கள் கழித்து மறதியோ நடத்தை மாற்றமோ தோன்றினால், அதுவும் அதே நஞ்சின் பின்விளைவாக இருக்கலாம் என்பதால், மீண்டும் அழைத்து வாருங்கள்.