டிகாக்‌ஷன்: கசாயமா, குடிநீரா?

பார்மசி படிக்கும் பிள்ளைகள் மூலிகை ஆய்வைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் சொல் டிகாக்‌ஷன், அதாவது மருந்துச் சரக்கைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து எடுக்கும் நீர். தேடினால் கசாயம், குடிநீர், கியாழம், வடிநீர் என்று பல சொற்கள் வந்து நிற்கும். எல்லாம் ஒன்றுதானே என்று கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். மருந்தைப் பொறுத்தவரை அவை ஒன்றல்ல.

முதலில் காப்பியை ஒதுக்கிவிடலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் டிகாக்‌ஷன் என்றால் பித்தளை பில்டரில் சொட்டுச் சொட்டாய் இறங்குவது என்பார்கள். மருந்தாக்கியல் கணக்கில் அது டிகாக்‌ஷனே கிடையாது. தூளின் மேல் வெந்நீர் ஊற்றி, அது தானாகக் கசிந்து இறங்கினால் அதற்குப் பெயர் வேறு. தமிழில் வடிநீர் என்பது சரியாகப் பொருந்தும். தூளைப் பாத்திரத்திலேயே போட்டுக் கொதிக்கவிடும் வரக்காப்பிதான் நிஜமான டிகாக்‌ஷன். சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் காய்ச்சும் சுக்குக் காப்பியும் அப்படியே. காப்பிக் கொட்டையே இல்லாத காப்பிக்கு அந்தப் பெயர் பொருந்துகிறது, அசல் பில்டர் காப்பிக்குப் பொருந்தவில்லை!

சொல்லின் வேர் லத்தீன். அங்கே 'கோகுவெரே' என்றால் சமைப்பது. முன்னால் 'டே' சேர்ந்து 'டேகோகுவெரே' ஆனால் கொதிக்கவைத்து வற்றச் செய்வது. அந்த மொழியில் ஒருவனை 'டேகோக்டர்' என்று சொன்னால் மருந்து காய்ச்சுகிறவன் என்று நினைத்துவிடக் கூடாது. சொத்தையெல்லாம் வற்றடித்து ஓட்டாண்டியானவன் என்று பொருள். ஆக, கொதிப்பதைவிட வற்றுவதுதான் இந்தச் சொல்லின் உயிர்.

கசாயம் வந்த வழி வேறு. சமஸ்கிருதத்தில் கஷாயம் என்பது ஒரு சுவைக்கும் பெயர்: துவர்ப்பு. கடுக்காயை மென்றால் நாக்கைப் பிடித்து இழுக்குமே, அது. பழுப்புச் சிவப்பு நிறத்துக்கும் அதே சொல். துறவிகளின் காஷாயத் துணி அதன் உறவுதான். பட்டையையும் வேரையும் காய்ச்சிய நீர் துவர்க்கவும் செய்யும், பழுப்பாகவும் இருக்கும் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் ஆயுர்வேதத்தில் கஷாயம் என்பது ஒரு குடும்பப் பெயர். பிழிந்த சாறு ஸ்வரசம், அரைத்த விழுது கல்கம், கொதிக்கவைத்து வற்றியது க்வாதம், குளிர்ந்த நீரில் ஊறியது ஹிமம், வெந்நீரில் ஊறியது பாண்டம். ஐந்துமே கஷாயம்தான். டிகாக்‌ஷனுக்கு நேரான சொல் இவற்றில் க்வாதம் ஒன்றுதான். ஒரு பங்கு மருந்துக்குப் பதினாறு பங்கு தண்ணீர் விட்டு எட்டில் ஒன்றாக வற்றவை என்பது அதற்குப் பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சார்ங்கதரர் சொல்லும் கணக்கு. தமிழில் நாம் நாளடைவில் அந்த ஒன்றுக்கு மட்டும் கசாயம் என்பதை வைத்துக்கொண்டு, மற்ற நாலையும் கழற்றிவிட்டோம்.

இந்த வேறுபாட்டைப் பார்க்க எங்கள் பக்கத்து வெட்டிவேரே போதும். கடலூருக்குத் தெற்கே நொச்சிக்காடு, தியாகவல்லிப் பக்கம் கடலோர மணலில் வெட்டிவேர் போடுகிறார்கள். சித்திரை வெயிலில் ஒரு பிடி வேரை முடிந்து மண்பானைத் தண்ணீரில் போட்டுவைத்தால் அது ஹிமம், தமிழில் ஊறல் நீர். அதே வேர் நிலவேம்பு, விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகத்தோடு நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்கில் ஒன்றாகச் சேர்ந்து கொதிக்கும்போது டிகாக்‌ஷன். பானையில் மணம் நிற்கும். கொதியில் அந்த மணத்தைத் தரும் எண்ணெயில் ஒரு பங்கு ஆவியோடு போய்விடும். அதனால்தான் பூ, இலை மாதிரி மெல்லிய, மணமுள்ள சரக்கை ஊறவைப்பதும், வேர், பட்டை, கட்டை மாதிரி கெட்டியானவற்றைக் காய்ச்சுவதும் பொது வழக்கமாக இருக்கின்றன. எல்லாம் கலந்த கூட்டு மருந்தில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

சித்த மருத்துவம் இதற்கு வைத்திருக்கும் பெயர் குடிநீர். உள்ளே சாப்பிடும் அகமருந்து 32 என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆயுளும் சொல்லியிருக்கிறார்கள். சுரசம், சாறு, குடிநீர், கற்கம், உட்களி, அடை ஆகிய ஆறுக்கும் 3 மணி நேரம்தான். சூரணத்துக்கு 3 மாதம், மாத்திரைக்கு ஓராண்டு, புடம்போட்டு எடுத்த வெண்பொடியான பற்பத்துக்கு 100 ஆண்டு. காலையில் காய்ச்சிய குடிநீரை ஃபிளாஸ்க்கில் வைத்து ராத்திரி குடிப்பது இந்தக் கணக்கில் வராது.

அப்படியென்றால் கடையில் விற்பது என்ன? திருப்பாதிரிப்புலியூர் நாட்டு மருந்துக் கடையில் நிலவேம்புக் குடிநீர் என்று கேட்டால் பொட்டலத்தில் கைக்கு வருவது தூள். அதற்குச் சரியான பெயர் குடிநீர்ச் சூரணம். விரலால் தேய்த்துப் பார்த்தால் மாவாக இருக்காது. நாரும் சிம்புமாக நெருடும். ஒன்றிரண்டாக இடிப்பது என்று சொல்வார்களே, அந்தப் பதம். நைசாக அரைத்துவிட்டால் கிழங்குகளின் மாவுச்சத்து வெந்து கூழாகி, வடிகட்டும் துணியிலேயே அடைத்துக்கொள்ளும். (இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு கசாயச் சரக்கு உண்டு. கோயிலின் தல மரமான பாதிரி, தசமூலம் எனப்படும் பத்து வேர்களில் ஒன்று.)

2012இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், 2020இல் கொரோனாவின்போது கபசுரக் குடிநீரும் தெருவுக்குத் தெரு வந்துவிட்டதால், மருத்துவ ஏட்டில் கிடந்த இந்தச் சொல் மறுபடி எல்லார் வாய்க்கும் பழகிவிட்டது. கபசுரக் குடிநீரில் சரக்கு 15. சூரணம் 5 கிராமை 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாக வற்றவைப்பது பரவலாகச் சொல்லப்பட்ட முறை. நாலொன்றாய்க் காய்ச்சுவது என்று பழைய ஏடுகள் சொல்வது இதைத்தான்.

இனி ஆய்வுக்கு வருவோம். சொல் தடுமாறினால் இங்கேதான் பெரிய சேதம். நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடு தண்ணீரில் சுலபமாகக் கரையாது. எத்தனாலிலும் மெத்தனாலிலும் நன்றாகக் கரையும். மிளகின் பைப்பரினும் அதே ஜாதி. எனவே எத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறும், அடுப்பில் காய்ச்சிய குடிநீரும் ஒரே செடியிலிருந்து வந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கின் அளவு வேறு. எத்தனால் சாறு ஓர் ஆய்வில் வேலை செய்தது என்றால் அதை வைத்துக் குடிநீர் வேலை செய்கிறது என்று எழுத முடியாது. அந்த ஆய்வு செல்களில் நடந்ததா, எலியில் நடந்ததா, மனிதரில் நடந்ததா என்பது அடுத்த கேள்வி. தமிழ்ச் செய்திகளில் எத்தனால் சாறு, குடிநீர் இரண்டையும் 'நிலவேம்புச் சாறு' என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது சின்னக் குறையாகத் தெரியவில்லை. மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுவுக்குப் புதுச்சேரியிலேயே ஒரு மண்டல நிலையம் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பார்மசித் துறை இருக்கிறது. இத்தனை பக்கத்தில் ஆய்வு நடக்கும் ஊர்க்காரர்கள் நாம் கொஞ்சம் கவனமாக எழுதலாம்.

சரி, எந்தச் சொல்லை எடுப்பது? கியாழம் பழைய வைத்தியப் பாட்டோடு நின்றுவிட்டது. அதை இழுத்துவர வேண்டாம். குடிநீர் நல்ல சொல்தான், ஆனால் தனியாக விட்டால் ஆபத்து. 1971இலிருந்து குடிநீர் வடிகால் வாரியம் இருக்கிறது. குழாயில் வருவதும் குடிநீர்தான். ஓர் எலிக் கூட்டத்துக்கு மருந்துக் குடிநீரும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டத்துக்கு வெறும் குடிநீரும் கொடுத்ததாக ஆய்வேட்டில் எழுதினால் படிப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஆகவே மருந்தின் பெயரோடு வரும்போது குடிநீர்: நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர். பொதுவாக அந்த வகையைச் சொல்லும்போது கசாயம். வடமொழி என்று அதைத் தள்ளுகிறவர்கள் காய்ச்சுநீர் என்று எழுதலாம், பொருள் பிசகாது. கொதிக்காமல் ஊறவைத்ததற்கு ஊறல் நீர், கசிந்து இறங்கியதற்கு வடிநீர். சாறு என்று எழுதினால் எதில் எடுத்த சாறு என்பதையும் முன்னால் போட்டுவிட வேண்டும்: நீர்ச்சாறு, எத்தனால் சாறு.

கடைசியாக ஒரு சங்கடம், கபசுரக் குடிநீர் மாத்திரை. மூன்று மணி நேர ஆயுளுக்கு மருந்துத் தொழில் கண்டுபிடித்த வழிகளில் இது ஒன்று. கசாயத்தைக் காய்ச்சி, நீரை முழுவதும் போக்கி உலர்சாறாக்கி, ஒட்டுப்பொருள் சேர்த்து மாத்திரையாக அழுத்தலாம். அல்லது காய்ச்சாமலே சூரணத்தை அழுத்திவிடலாம். பெயர் இரண்டுக்கும் குடிநீர் மாத்திரைதான். முதல் வகையில் கொதித்த சரக்கு இருக்கிறது, இரண்டாவதில் அடுப்பையே பார்க்காத தூள். எது என்று தெரிய, அட்டையின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலில் உலர்சாறு இத்தனை மில்லிகிராம் என்றிருக்கிறதா, சூரணம் இத்தனை மில்லிகிராம் என்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.