கன்வெர்ட்டரைக் கழற்றினால் காருக்கு எப்படித் தெரிகிறது?

கொருக்குப்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெட்ரோல் கார் சார். மைலேஜ் ஏறும் என்று சொல்லி, சைலன்சர் பட்டறையில் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாயை வைத்து வெல்டிங் அடித்துக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து செக் இன்ஜின் லைட். ஸ்கேனர் போட்டு அழித்தால் இரண்டு நாளில் திரும்ப வருகிறது. சென்சார் ஒயரை வெட்டிவிடலாமா?"

வெட்டாதீர்கள். ஒயர் அறுந்ததற்கென்று தனிப் பழுது எண் (ஸ்கேனர் காட்டும் 'கோடு') இருக்கிறது. அதே விளக்கு அதற்கும் எரியும்.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் வேலை தெரிந்ததுதான். தேன்கூடு போலத் துளைத்த பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் நைட்ரஜனாகவும் மாற்றிவிடும். சென்னையில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 முதலே கட்டாயம்.

எனக்குப் பிடித்த கதாநாயகன் அதன் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். உள்ளே, தையல்காரர் விரலில் மாட்டும் குப்பி போல ஒரு சிர்கோனியாப் பீங்கான். குப்பிக்குள் வெளிக்காற்று, வெளியே புகை. சிர்கோனியாவில் கொஞ்சம் இட்ரியம் கலந்திருப்பார்கள். சிர்கோனியம் இருக்க வேண்டிய இடத்தில் இட்ரியம் உட்கார்ந்தால் ஆக்சிஜன் கணக்கு உதைக்கும். அங்கங்கே ஆக்சிஜன் இல்லாத காலியிடம் விழும். திருவொற்றியூர் ஷேர் ஆட்டோவில் ஒருவர் இறங்கியதும் பக்கத்தில் இருப்பவர் நகர்வார், அவர் இடத்துக்கு அடுத்தவர் நகர்வார் அல்லவா? சூடேறிய பீங்கானுக்குள் ஆக்சிஜன் அயனிகள் அப்படித்தான் நகர்கின்றன. ஆக்சிஜன் அதிகமுள்ள காற்றுப் பக்கத்திலிருந்து குறைவான புகைப் பக்கத்துக்குத் தள்ளுமுள்ளு. அயனி மின்னேற்றம் உள்ளது என்பதால் இரு பக்கத்துக்கும் நடுவே வோல்டேஜ் பிறக்கிறது. புகையே ஓட்டும் பேட்டரி!

இரு பக்க ஆக்சிஜன் அளவும் பத்து மடங்கு வித்தியாசப்பட்டால், 700 டிகிரி வாக்கில் சுமார் 0.05 வோல்ட்தான் வரும். ஆனால் பெட்ரோல் கொஞ்சம் கூடிவிட்டால் சென்சார் 0.9 வோல்ட் வரை காட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து மடங்கு, அதற்கும் பத்து மடங்கு என்று பதினெட்டு தடவை பெருக்கிய வித்தியாசம்! மேலே பூசிய பிளாட்டினம், மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் துடைத்து எரித்துவிடுவதால் வரும் எண் இது. காற்று கூடினால் சடாரென்று 0.1க்கு விழும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எல்லையில் இந்தக் குதிப்பு. சிர்கோனியாவுக்கு மூலப்பொருளான சிர்கான் நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலிலேயே கிடைக்கிறது. பீங்கான் ஆராய்ச்சிக்கு இன்னும் காசு ஒதுக்கினால் என்ன என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. சரி, அது வேறு பஞ்சாயத்து.

உங்கள் காரில் இந்தச் சென்சார் இரண்டு. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பதைப் பார்த்து ஈசியூ, அதாவது இன்ஜினின் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். அதனால் அது மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். கன்வெர்ட்டரில் உள்ள சீரியா (சீரியம் ஆக்சைடு), மிஞ்சும்போது ஆக்சிஜனைச் சேர்த்து, குறையும்போது விட்டுக்கொடுக்கும். ஆகவே பின்னால் இருப்பது கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். கன்வெர்ட்டரை எடுத்துவிட்டால்? முன்னவன் ஆடுவதைப் பின்னவனும் அப்படியே ஆடுவான். அதுதான் காட்டிக்கொடுக்கிறது. அழித்தாலும் ஈசியூ மறுபடி சோதித்து, வழக்கமாக அடுத்தடுத்த இரண்டு ஓட்டத்தில் உறுதி செய்துகொண்டு விளக்கைப் போடும். உங்கள் 'இரண்டு நாள்' கணக்கு அதுதான். ஸ்கேனரில் வந்த கோடு, 'கன்வெர்ட்டர் வேலை போதவில்லை' என்னும் பி0420 ஆகத்தான் இருக்கும். ஃபோர் ட்வென்டி! எண் வைத்தவர்களுக்கு நம்மூர் அர்த்தம் தெரிந்திருக்காது.

பின் சென்சாரைத் தள்ளி மாட்டி விளக்கை ஏமாற்றுகிறவர்களும் உண்டு. விளக்கு அணையும், புகை அப்படியேதான் வரும். மணலி, எண்ணூர்க் காற்றைச் சுவாசிக்கிற நமக்கு அது வேறு எதற்கு? பானெட்டில் எலுமிச்சம்பழம் கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பழத்தால் தீங்கில்லை என்பதைத் தவிர.

மைலேஜும் ஏறாது. பெட்ரோல் அளவுக்கு ஈசியூ முக்கியமாகப் பார்ப்பது முன் சென்சாரைத்தான். அதை யாரும் தொடவில்லையே. கன்வெர்ட்டர் அடைத்துப்போயிருந்தால் மட்டும் வண்டி மூச்சுத் திணறும், அதற்கு மருந்து புதியது போடுவதுதான். விளக்கு சிமிட்டினால் மட்டும் உடனே ஓரங்கட்டுங்கள். இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு விஷயம். பிளாட்டினமும் ரோடியமும் பழைய இரும்பு விலைக்குப் போகிற சாமான் இல்லை. கழற்றிய கன்வெர்ட்டரை உங்கள் கையில் கொடுத்தார்களா? பட்டறைக்குப் போய் முதலில் அதைக் கேளுங்கள்.