கார்டு பில் தவறுவது ஊதாரித்தனத்தால் மட்டுமில்லை

கிரெடிட் கார்டு பில்லைத் தாமதமாகக் கட்டுகிறவர்கள் என்றாலே தாறுமாறாகச் செலவு செய்யும் இளவட்டங்கள்தான் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கடன் ஆலோசனைக்கு என்னிடம் வருகிறவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. காரணம் ஊருக்கு ஊர், வயசுக்கு வயசு மாறுகிறது.

கும்பகோணம், மாயவரம் பக்கத்து ஓய்வூதியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் காசு இருக்கிறது, பில்தான் கண்ணில் படுவதில்லை. வங்கியில் கொடுத்த இமெயில் வெளிநாட்டில் இருக்கும் மகனுடையது, எஸ்.எம்.எஸ். வந்தாலும் விளம்பரங்களுக்கு நடுவில் புதைந்துவிடும். யாரோ டார்கெட்டுக்காகத் தலையில் கட்டிய கார்டு ஒருமுறைகூடத் தேய்க்காமல் பீரோவில் கிடக்க, ஆண்டுக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி. சேர்த்து 590 ரூபாய் என்று பில் விழுந்து, அதன்மேல் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறிக்கொண்டே போகும். மகளின் வீட்டுக் கடனுக்கு இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போடப் போகும்போதுதான் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் இறங்கிக் கிடப்பது தெரியவரும்.

திருப்பூரில் கதை வேறு. மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்துகொடுக்கும், நாற்பதைத் தாண்டிய ஜாப் ஒர்க்காரர் சனிக்கிழமை ஆனால் ஆட்களுக்குச் சம்பளம் போட்டே ஆக வேண்டும், அவருக்கு வரவேண்டிய பணமோ இரண்டு மூன்று மாதம்கூட இழுக்கும். நடுவில் கார்டைத் தேய்த்துச் சமாளிக்கிறார். இவரிடம் போய் செலவைக் குறையுங்கள் என்றால் சிரிப்பார். தொழில் பணத்துக்குக் கார்டு ஆகாது, இருப்புக்கு மேலும் ஒரு வரம்புவரை எடுத்துக்கொள்ள வங்கி அனுமதிக்கும் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கணக்குக்கு முயற்சி செய்யட்டும், பெரும்பாலும் வட்டி கார்டு வட்டியில் பாதிகூட வராது.

சென்னை ஓ.எம்.ஆர். இளைஞருக்குச் சம்பளம் மாதக் கடைசியில், கார்டின் கெடுவோ 26-ம் தேதி. பில்லில் குறைந்தது இவ்வளவாவது கட்டு என்று போட்டிருக்கும் மினிமம் டியூவை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாகிவிடுவார். அதனால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டியில்லாச் சலுகை போய்விடும், மீதிக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், அடுத்து வாங்கும் பிரியாணிக்கும் முதல் நாளிலிருந்தே வட்டிதான். மாதம் 3.5 சதவீதம் என்று சின்னதாகத் தெரிவது வருஷத்துக்கு 42, வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு.

சரி, என்ன செய்யலாம்? ரிசர்வ் வங்கி விதிகளின்படி, கெடு முடிந்து 3 நாளைத் தாண்டினால்தான் தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற நிறுவனங்களுக்கும் தெரிவிக்கலாம். ஆனால் வட்டிக்கு இந்த 3 நாள் சலுகை கிடையாது. பில்லிங் சைக்கிளை, அதாவது மாதாமாதம் பில் போடும் தேதியை, ஒருமுறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு, கேட்கிறவர்கள்தான் குறைவு. 1-ம் தேதி சம்பளம் என்றால் கெடு 5-க்கும் 10-க்கும் நடுவில் விழுமாறு கேளுங்கள்.

பீரோ கார்டை மூடச் சொல்லிவிடுங்கள். பாக்கி இல்லையென்றால் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், அதற்கு மேல் இழுத்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கஸ்டமர் கேரில் பேசியதோடு விடாமல் ஒரு மெயிலும் போட்டு வையுங்கள், என்றைக்குக் கேட்டீர்கள் என்பதற்கு அப்புறம் அதுதான் ஆதாரம்.