சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசாதீர்கள்

பழைய வீட்டுக் கூடத்தில் தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை பூச்சு பொரிந்து, கை பட்டாலே மாவாகக் கொட்டும். கொத்தனாரைக் கூப்பிடுவார்கள். அவர் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, வாட்டர் புரூஃப் மருந்து கலந்த சிமென்ட் கலவையைப் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பார். ஒரு வருஷம் சுவர் பளிச்சென்று இருக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் அதே பொரிவு ஐந்தடி உயரத்தில் வரும். அடுத்து நாலடிக்கு டைல்ஸ் ஒட்டுவார்கள். ஓதம் என்கிற சுவர் ஈரம் டைல்ஸுக்கு மேலே தலைகாட்டும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய வீடுகள் பல இந்த வழியில்தான் பாழாகின்றன. மழை செய்கிற கெடுதலைவிட, தவறான ரிப்பேர் செய்கிற கெடுதல் பெரிது.

காரணம் எளிது. சூளைச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சியதைக் காற்றில் விட்டுவிடவும் செய்யும். அந்தக் காலத்து அஸ்திவாரங்களில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் இரண்டு மூன்று அடிக்குள் பூச்சு வழியாக ஆவியாகிவிடும் என்பதே கட்டியவர்களின் கணக்கு. அதன்மேல் சிமென்ட்டும் எமல்ஷன் பெயின்ட்டும் ஏறினால் ஆவி போக வழியில்லை. ஈரம் வழி தேடி இன்னும் மேலே போகும். போகும்போது மண்ணில் இருக்கும் உப்பையும், சிமென்ட்டிலேயே இருக்கும் கார உப்பையும் கரைத்துக்கொண்டு போகும். தண்ணீர் காய்கிற இடத்தில் உப்பு படிகமாகி, செங்கல்லின் நுண்துளைகளுக்குள் விரிந்து, உள்ளிருந்து உடைக்கும். சிமென்ட் பூச்சு பழைய செங்கல்லைவிடக் கெட்டி. அதனால் அது பெயர்ந்து விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். ஒவ்வொரு ரிப்பேருக்கும் சுவர் கொஞ்சம் மெலிகிறது.

ஆகவே முதல் வேலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவரின் நீளத்துக்கும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஒரு கரையோடு நிற்கும். கோடையிலும் முழுசாக மறையாது. மாடிக் கசிவு மழை பெய்த ஓரிரு நாளில், கூரையும் சுவரும் சேரும் மூலையில் தெரியும். குழாய்க் கசிவுக்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது. ஒரு திட்டாகத் தொடங்கிப் பரவிக்கொண்டே இருக்கும். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மேல்தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சுவரை விட்டுவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். வடக்கு, கிழக்குச் சுவர்களில் மட்டும் வெளிப்பக்கமிருந்து ஈரம் வந்தால் அது பருவமழைச் சாரல். சந்தேகமாக இருந்தால் இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் வியர்த்திருந்தால் ஜன்னலைத் திறந்துவைப்பதே வைத்தியம்.

தரையிலிருந்து ஏறுகிற ஓதத்துக்கு நம் ஊரில் தனிக் காரணம் ஒன்று உண்டு. தெரு உயர்ந்துகொண்டே போகிறது. தாரின்மேல் தார் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன திண்ணை இப்போது தெருவுக்குச் சமமாகவோ கீழேயோ இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவுறுத்தியது. ஆனால் ஏற்கெனவே புதைந்த பேஸ்மட்டம் புதைந்ததுதான். அதை மறுபடி காற்றுப்பட வைக்க வேண்டும். சுவரை ஒட்டிப் போட்ட சிமென்ட் தளத்தை ஒன்றரை அடி அகலத்துக்கு உடைத்து எடுங்கள். உட்தரை மட்டத்திலிருந்து குறைந்தது ஆறு அங்குலம் கீழே போகும்படி தோண்டி, அடியில் தெருப்பக்கமாக வாட்டம் கொடுத்து, 20 மி.மீ. கருங்கல் ஜல்லியை நிரப்புங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்கோ அதற்குக் கீழோ தோண்டக்கூடாது, சுவர் இறங்கிவிடும். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்பது முன்கூட்டித் தெரியாததால், முதலில் ஓரிடத்தில் மட்டும் தோண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானபோது, இடமில்லாத வீடுகளில் சுவரை ஒட்டியே குழி எடுத்தார்கள். மாடித் தண்ணீர் முழுவதையும் சுண்ணாம்பு அஸ்திவாரத்தின் காலடியில் இறக்குகிற ஏற்பாடு அது. குழி சுவரிலிருந்து ஐந்தடியாவது தள்ளி இருக்க வேண்டும், பத்தடி என்றால் நிம்மதி. தள்ள இடமில்லையென்றால் குழாயைக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ திருப்புங்கள். துளசி மாடம், பூந்தொட்டி, குளியலறைக் கழிவுநீர் என்று சுவரோரம் தினமும் தண்ணீர் விடுகிற எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான்.

மூலத்தை அடைத்த பிறகு சுவரைக் காயவிட வேண்டும். யாருக்கும் பொறுமை இல்லாத இடம் இது. ஊறிய செங்கல் சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. நம் வெயிலுக்கும் காற்றுக்கும் அது குறையலாம், ஆனாலும் ஒன்பது அங்குலச் சுவர் பதினைந்து நாளில் காயாது. ஓதக்கரைக்கு மேலே ஒன்றரை அடிவரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, இணைப்புகளில் மக்கிப்போன காரையை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டிவிட்டு, மார்கழி கழிந்ததிலிருந்து சித்திரை வைகாசிவரை சுவரை வெறுமனே விடுங்கள். சுவருக்குள் ஒயரிங் ஓடினால் அந்த லைனை நிறுத்திவைத்து, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரைத் தொட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காயும்போது வெள்ளை வெள்ளையாக உப்பு பூக்கும். அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விரித்த சாக்கில் பிடித்து, வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். சுவரோர மண்ணில் கொட்டினால் அடுத்த மழைக்கு மறுபடி ஏறும். ஆழத்தில் இருக்கும் உப்பை எடுக்கக் காகிதக்கூழ் போடலாம். கடல்காற்றால் உப்பேறிய மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறை கையாண்ட முறை இது, வீட்டுச் சுவருக்கும் பொருந்தும். மை இல்லாத காகிதத்தை ஆர்.ஓ. தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ ஊறவைத்து அரைத்து, இட்லி மாவுப் பதத்தில் அரை அங்குலக் கனத்துக்குச் சுவரில் அப்புங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கும். கூழ் காயக் காயச் சுவரிலிருக்கும் உப்பு கூழுக்கு வந்துவிடும். முழுதாகக் காய்ந்து வெடித்ததும் உரித்து எறியுங்கள். அதையே மறுபடி பயன்படுத்தக் கூடாது. உரித்த கூழில் 100 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் எண் இறங்குவது தெரியும். இறங்குவது நின்றபிறகு நிறுத்தலாம். மூன்று நான்கு சுற்று சாதாரணம்.

பிறகு சுண்ணாம்புப் பூச்சு. ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் தூளாகிய சுருக்கி, இரண்டு பங்கு சலித்துக் கழுவிய மணல். கடல் பக்கத்து மணல் கூடவே கூடாது. சுண்ணாம்பைப் பத்து நாளாவது நீற்றி ஊறவிட்டால், கரையாத கட்டி பிற்பாடு பூச்சுக்குள் வெடிக்காது. நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகாதீர்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். சுவரை லேசாக நனைத்து, ஒரு கோட்டுக்கு 10 மி.மீ.க்கு மேல் போகாமல் இரண்டு கோட்டாகப் பூசி, நடுவில் ஒரு வாரம் விடுங்கள். ஈரச் சாக்குப் போட்டுப் பத்து நாள் பதமாக வைத்திருக்க வேண்டும். வெயில் நேராக அடித்தால் பொடிந்துவிடும். பூச்சின் அடிவிளிம்பு தரையைத் தொடக்கூடாது, அரை அங்குலம் இடைவெளி விடுங்கள்.

அதன்மேல் பட்டியும் எமல்ஷனும் போட்டால் இத்தனை பாடும் வீண். வெள்ளைதான் அடிக்க வேண்டும்: ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், கொஞ்சம் பிசின், துணியில் வடிகட்டி மெல்லிசாக மூன்று கோட்டு. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தார்களே, அது அலங்காரம் மட்டுமல்ல, சுவருக்கான வருஷாந்தரப் பராமரிப்பு.

சுவரில் துளையிட்டு மருந்து ஏற்றி ஓதத்தைத் தடுக்கும் முறையும் இப்போது பரவலாக விற்கப்படுகிறது. ஒழுங்காகக் கட்டிய செங்கல் சுவரில், தரைக்குச் சற்று மேலே, நாலைந்து அங்குலத்துக்கு ஒரு துளை வீதம் காரை இணைப்பில் போட்டுச் செய்தால் பலன் உண்டு. உள்ளே மண்ணும் உடைகல்லும் அடைத்த சுவரில் மருந்து எங்கே போகிறதென்றே தெரியாது. எந்தச் சுவரானாலும் மற்ற மூலங்களையெல்லாம் அடைத்த பிறகே அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இனி மாடி. சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆயிரம் சதுர அடி மாடியில் 100 மி.மீ. மழை என்றால் 9,000 லிட்டருக்கு மேல். அவ்வளவும் வெளியேற ஒரே ஒரு தூம்பு இருந்து, அதில் ஒரு வேப்பங்கொத்து சிக்கினால் மாடி குளமாகிவிடும். 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய், எப்படியும் இரண்டுக்குக் குறையாமல் வையுங்கள். வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். மாடியும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலைதான் முதலில் விரியும். அங்கே மூன்று அங்குலத்துக்குச் சரிவாகச் சுண்ணாம்பும் சுருக்கியும் வைத்து அணைத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவரின் தலைப்பு உள்பக்கம் சரிந்திருக்கட்டும்.

தேக்குக் கட்டைகளின்மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்தி அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரைகளில் ஒரு பெரிய ஆபத்து, ஒழுகும்போதெல்லாம் பழையதன்மேல் புதுத் தளம் போடுவது. மூன்று அங்குலச் சுண்ணாம்பு ஜல்லித் தளம் ஆயிரம் சதுர அடிக்கு 12 டன்னுக்கு மேல் எடை வரும். அதைத் தாங்குவது சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனைகள். ஈரத்தில் முதலில் உளுத்துப்போவதும் அவையே. கூர்மையான ஸ்க்ரூ டிரைவரால் முனையைக் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் மாடியில் ஆளே ஏற வேண்டாம். கசிவு எங்கே என்று பார்க்க இந்தக் கூரையில் தண்ணீர் தேக்காதீர்கள். ஹோஸ் பைப்பில் பகுதி பகுதியாக அரை மணி நேரம் விட்டுக் கீழே ஆள் நின்று பார்த்தால் போதும். தளம் மாற்றுவதென்றால் பழையதை முழுசாக எடுத்துவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை பங்கு 20 மி.மீ. செங்கல் ஜல்லி போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டை ஓடு பதிக்க வேண்டும். அடிக்கும்போது ஜல்லி துள்ளாமல் ஒரே சத்தமாகக் கேட்கும்வரை அடிக்க வேண்டும், அதற்குச் சில நாள் பிடிக்கும். இந்த வேலை கைவந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்; காத்திருந்தாவது அவர்களைக் கூப்பிடுங்கள்.

சுவரில் முளைக்கும் அரசும் ஆலும் தண்ணீருக்குக் கதவு திறந்துவிடுபவை. பிடுங்கினால் தண்டு மட்டும் கையோடு வரும், வேர் உள்ளே பருக்கும். விரல் கனத்துக்குள் இருக்கும்போதே சுற்றியுள்ள இரண்டு மூன்று செங்கல்லை எடுத்து, வேரை முழுதாக உருவி, சுண்ணாம்பு வைத்துத் திரும்பக் கட்டிவிடுங்கள். ஆசிட் ஊற்றுகிறவர்கள் செடியோடு சேர்த்துக் காரையையும் கரைக்கிறார்கள்.

கருங்கல் கட்டடங்களுக்குக் கணக்கு சற்று வேறு. கல் அதிகம் குடிக்காது, இணைப்பு வழியாகத்தான் தண்ணீர் நுழையும். இணைப்புகளைச் சுண்ணாம்பால் நிரப்புங்கள். உள்ளே இரும்புப் பிடிப்பு இருந்தால் துருவேறி விரிந்து கல்லைப் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட், எண்ணெய், வார்னிஷ் எதுவும் வேண்டாம். கல்லைச் சுத்தம் செய்ய மணலை வீசி அடிக்கவே அடிக்காதீர்கள். வெட்டியவன் உளி விட்டுப்போன மேற்பரப்பு போய்விடும்.

சுவர் வயிறு தள்ளியிருந்தால், விரிசலில் ஐந்து ரூபாய் நாணயம் நுழைந்தால், கூரைக் கட்டை நடுவில் தொய்ந்திருந்தால் மேலே சொன்ன எதையும் தொடாமல் பழைய கட்டட வேலை தெரிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள். மண் காரையில் கட்டிய சுவர்கள் மழை நின்று வெயில் அடிக்கத் தொடங்கிய பிறகும் சரியக்கூடும். அந்தச் சுவரோரம் கட்டில் போட்டுப் படுக்காதீர்கள்.